வாலிபால் கேள்வி பதில்: சர்வீஸின்போது எதிரணியின் கண்ணை மறைக்கலாமா?

சர்வீஸ் போடும் அணியினர் எதிரணியின் பார்வையை மறைத்து நிற்பது பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விதிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கல்லூரி அணியில் முன்வரிசையில் ஆடுகிறேன். எங்கள் அணி சர்வீஸ் போடும்போது முன்வரிசையில் இருக்கும் நாங்கள் மூவரும் வலைக்கு அருகே தோளோடு தோள் ஒட்டி நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி வைத்திருப்போம். சமீபத்திய போட்டி ஒன்றில் எங்கள் சர்வீஸ் தாழ்வாகப் பறந்து சென்று, யாரும் தொடாமலேயே எதிரணியின் களத்தில் விழுந்தது. ஆனால் முதல் நடுவர் விசில் ஊதி, புள்ளியை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் யாரும் வலையைத் தொடவில்லை, கோட்டையும் மிதிக்கவில்லை. இது எப்படித் தவறாகும்?

பதில்: சர்வதேச வாலிபால் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் 12.5 என்ற எண்ணில் இருக்கும் விதியின்படிதான் நடுவர் அந்த முடிவை எடுத்திருக்கிறார். சர்வீஸ் போடும் அணியின் ஆட்டக்காரர்கள், தனியாகவோ கூட்டாகவோ நின்று, சர்வீஸ் அடிக்கப்படுவதையும் பந்து பறந்து வரும் பாதையையும் எதிரணியினர் பார்க்க முடியாதபடி தடுக்கக் கூடாது என்பது அந்த விதி. நடுவர்களும் ஆட்டக்காரர்களும் இதைச் சுருக்கமாக ‘ஸ்கிரீன்’ என்று சொல்கிறார்கள். சர்வீஸ் போடப்படும் நேரத்தில் கைகளை வீசுவது, குதிப்பது, பக்கவாட்டில் நகர்வது, கூட்டமாகச் சேர்ந்து நிற்பது ஆகியவற்றை மறைப்பு உண்டாகும் வழிகளாக விதி குறிப்பிடுகிறது. நீங்கள் மூவரும் ஒட்டி நின்றது கூட்டமாக நிற்பதில் அடங்கும்.

ஆனால் ஒட்டி நின்றாலே தவறு என்று எண்ணிவிட வேண்டாம். விதியின் நுட்பம் அடுத்த வரியில் இருக்கிறது. அப்படி நிற்பதால் பந்து அடிக்கப்படும் கணம், அது வலையின் செங்குத்துத் தளத்தை எட்டும்வரை பறந்து வரும் பாதை ஆகிய இரண்டும் எதிரணிக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அது மறைப்பு ஆகாது. சர்வீஸ் போடுபவரின் கை பந்தில் படுவதை எதிரணியினர் பார்த்துவிட்டால், இடையில் பந்து சற்று நேரம் கண்ணுக்கு மறைந்தாலும் தவறில்லை. அதேபோல் அடித்த கணத்தைப் பார்க்க முடியாமல் போனாலும், பந்து உங்கள் தலைகளுக்கு மேலே எழும்பி வலையை நோக்கி வருவது தெளிவாகத் தெரிந்தால் அதுவும் தவறில்லை. அரங்கில் ‘ஸ்கிரீன், ஸ்கிரீன்’ என்று எழும் கூச்சல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகின்றன.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. மறைப்பு என்பது சர்வீஸ் தவறுகளின் பட்டியலில் வருகிறது. பந்து முறைப்படி அடிக்கப்பட்ட பிறகு, மறைப்பாக நிற்பவர்களுக்கு மேலாக அது கடந்து செல்லும்போதுதான் தவறு முழுமையடைகிறது. நீங்கள் மூவரும் களத்தின் நடுவில் நெருங்கி நின்றிருக்க, உங்கள் அணியினர் ஓரத்திலிருந்து நேர்கோட்டில் சர்வீஸ் போட்டிருந்தால், பந்து உங்களைக் கடந்தே சென்றிருக்காது. நடுவரும் விசில் ஊதியிருக்க மாட்டார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கூட்டமாக நின்றது, கைகளை உயர்த்தியது, பந்து தாழ்வாக உங்களுக்கு மேலாகவே போனது ஆகிய மூன்றும் ஒரே சர்வீஸில் சேர்ந்திருக்கின்றன. நடுவர் கொடுத்தது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தவறு என்று முடிவானால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் அடுத்த சர்வீஸும் கிடைக்கும். சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி எடுக்க முடியும் என்றிருந்த பழைய முறையில் இந்தத் தவறு சர்வீஸ் உரிமையை மட்டுமே பறித்தது. 1998-இல், யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு சர்வீஸின் முடிவிலும் ஒரு புள்ளி என்ற முறையைச் சம்மேளனம் ஏற்ற பிறகு, அதே தவறு நேரடியாக ஒரு புள்ளியை விலையாகக் கேட்கிறது. ஐந்தாவது செட்டில் 15 புள்ளிகளுக்கு ஆடும்போது அது எவ்வளவு பெரிய விலை என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பார்வை மறைவதால் பந்தை எடுப்பவருக்கு அப்படி என்ன பெரிய இழப்பு வந்துவிடும்? வலையைத் தாண்டியதும் பந்து தெரியத்தானே போகிறது?

பதில்: தெரியும், ஆனால் அப்போது மிச்சம் இருக்கும் நேரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர். வலையிலிருந்து கடைசிக் கோடு வரை 9 மீட்டர். எதிரணியில் சர்வீஸை எடுப்பவர் வலையிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் தள்ளி நிற்பதாகக் கொண்டால், பந்து கடக்க வேண்டிய தொலைவு 16 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜம்ப் சர்வீஸ் இந்தத் தொலைவை ஒரு விநாடியில் பாதியைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். வலை வரையிலான முதல் 9 மீட்டர் மறைந்துவிட்டால், அவருக்கு மிஞ்சுவது கால் விநாடிதான். கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு அசையத் தொடங்குவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி தேவைப்படுகிறது. ஆக, பந்தைப் பார்த்து, அது எங்கே விழும் என்று கணித்து, காலை நகர்த்தி, கைகளைச் சேர்த்து நீட்டுவதற்கு அவருக்கு ஏறக்குறைய நேரமே இருக்காது.

ஃப்ளோட் சர்வீஸில் வேகம் குறைவு. ஆனால் இழப்பு குறைவதில்லை. சுழற்சியே இல்லாமல் வரும் அந்தப் பந்து வழியில் இடமும் வலமும் ஆடும், திடீரென்று தாழும். அதை எடுக்கப் பழகியவர்கள் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்தை மேலே போடும் கை எந்தப் பக்கம் சாய்கிறது, அடிக்கும் தோள் எந்தத் திசையில் திரும்புகிறது, உள்ளங்கை பந்தின் எந்தப் பகுதியில் படுகிறது, பட்டதும் கை அப்படியே நின்றுவிடுகிறதா அல்லது தொடர்ந்து கீழே இறங்குகிறதா என்பனவற்றைக் கொண்டு, பந்து வலையை நெருங்குவதற்கு முன்பே முதல் அடியை எடுத்து வைத்துவிடுவார்கள். அடித்த கை சட்டென்று நின்றால் பந்து சுழலாமல் வரும் என்பதும், மணிக்கட்டு பந்தின் மேல் மடங்கினால் முன்னோக்கிச் சுழன்று கீழிறங்கும் என்பதும் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் செய்தி. அந்தக் காட்சியை மறைப்பது அவர்களுடைய திறமையின் பாதியை ஆட்டத்திலிருந்து அகற்றுவதற்குச் சமம். சர்வீஸ் என்பது போடுபவரின் திறமையும் எடுப்பவரின் திறமையும் நேருக்கு நேர் மோதும் இடம். அங்கே குறுக்கே நிற்பவர்களால் முடிவு தீர்மானிக்கப்படக் கூடாது என்பதற்காகவே இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி அணிக்கு நான் பயிற்சி அளிக்கிறேன். முன்வரிசை மாணவர்கள் எங்கே, எப்படி நின்றால் தவறு வராது? கைகளை உயர்த்தியிருப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: கைகள்தான் பெரிய விஷயம். இதைக் கொஞ்சம் அளவு போட்டே பார்த்துவிடலாம்; கரும்பலகையில் பக்கவாட்டுப் படம் வரைந்து மாணவர்களுக்கும் காட்டுங்கள், ஒரே வகுப்பில் புரிந்துகொள்வார்கள்.

எதிரணியில் பந்தை எடுப்பவர் முழங்காலை மடக்கித் தயாராக நிற்கும்போது அவருடைய கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அவர் வலையிலிருந்து 7 மீட்டர் தள்ளி நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் கடைசிக் கோட்டருகே தரையில் நின்றபடி ஒருவர் 2.4 மீட்டர் உயரத்தில் பந்தை அடிக்கிறார். அந்தக் கண்ணிலிருந்து இந்தப் பந்துக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது வலையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கும் உங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் இருக்குமிடத்தில் 1.9 மீட்டர் உயரத்தில் கடந்து போகும். ஆகவே அதைவிட உயரமான ஒருவர் அந்தக் கோட்டில் நின்றால், பந்து அடிக்கப்படும் கணம் மறைந்துவிடும். அதே ஆட்டக்காரர் வலையிலிருந்து 6 மீட்டர் பின்னால் தள்ளி நின்றால் அந்தக் கோடு 2.2 மீட்டர் உயரத்தில் போகும்; அவர் தலை அதை எட்டாது. சர்வீஸ் போடுபவருக்கு நெருங்கி நின்றால்தான் மறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரத்தைப் பொறுத்தவரை, வலைக்கு அருகே நிற்பவர்தான் அதிகம் மறைக்கிறார்.

ஜம்ப் சர்வீஸில் பந்து 3.2 மீட்டர் உயரத்தில் அடிக்கப்பட்டால், அதே கோடு வலைக்கருகே 2.3 மீட்டர் உயரத்தில் போகும். கையை இறக்கி நிற்கும் எவருடைய தலைக்கும் மேலே அது கடந்துவிடும். எனவே உயரத்தில் அடிக்கப்படும் ஜம்ப் சர்வீஸில், கைகள் கீழே இருக்கும்வரை, மறைப்பு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. தரையிலிருந்து போடும் தாழ்வான, தட்டையான சர்வீஸ்தான் இந்த விதிக்குள் வரும் சர்வீஸ்.

அடுத்து, பந்தின் பாதை. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். பந்து வலையை 2.7 மீட்டர் உயரத்தில் கடக்கும் ஒரு தட்டையான சர்வீஸை எடுத்துக்கொள்வோம். வலைக்கு இன்னும் 4 மீட்டர் இருக்கும்போதே பந்து ஏறத்தாழ அந்த உயரத்துக்கு வந்துவிட்டால், எடுப்பவரின் பார்வைக் கோடு உங்கள் ஆட்டக்காரர் நிற்குமிடத்தில் 2.3 மீட்டருக்கும் மேலே இருக்கும். கைகள் இறங்கியிருந்தால் பந்து அடிக்கப்பட்ட சற்று நேரத்திலேயே தலைகளுக்கு மேலே எழுந்து கண்ணில் பட்டுவிடும். அடித்த கணம் மறைந்திருந்தாலும் பாதை தெரிந்துவிட்டதால் அது தவறாகாது. அதே மாணவர்கள் கைகளை முழுதாக உயர்த்தியிருந்தால் விரல் நுனிகள் 2.4 மீட்டர் வரையோ அதற்கு மேலோ எட்டும். பந்து வலைக்கு மிக அருகே வரும்வரை அந்தக் கைகளுக்குப் பின்னாலேயே மறைந்து வரும். இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்திவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கைகள்தான். மேலே முதல் கேள்வி கேட்ட கல்லூரி ஆட்டக்காரருக்கு நடந்ததும் இதுவே.

பெண்கள் ஆட்டத்தில் வலை 2.24 மீட்டர் என்பதால் எல்லா எண்களும் சற்றுக் கீழே இறங்கும். கணக்கின் போக்கு மாறாது.

உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சர்வீஸ் வலையைத் தாண்டும்வரை கைகள் தலைக்குக் கீழே, மார்புக்கு முன்னால் இருக்கட்டும். எதிரணியின் அடியை வலைக்கு மேலே மறிக்கும் தடுப்புக்குத் தயாராகக் கைகளை மேலே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் எதிரணி சர்வீஸை எடுத்து, செட்டர் பந்தைத் தூக்கிக் கொடுத்த பிறகுதான் தடுப்புக்கு வேலை வரும். அதற்கு மார்பருகே இருக்கும் கைகளே தாராளமாகப் போதும். பின்னாலிருந்து வரும் சொந்த அணியின் சர்வீஸ் தலையில் பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பிடரியில் கை கோத்து நிற்பவர்களும் உண்டு. அச்சம் நியாயமானதே, ஆனால் அப்போது இரண்டு முழங்கைகளும் காதுக்கு வெளியே அகன்று நின்று, ஒரு ஆள் இரண்டு ஆள் அகலத்துக்கு மறைத்துவிடுகிறார். பிடரியைக் காக்க நினைப்பவர் முழங்கைகளை முன்னோக்கிக் குவித்துக்கொள்ளட்டும், அல்லது சற்றே குனிந்து கொள்ளட்டும். முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவதால் யாருக்கும் எதுவும் மறையப் போவதில்லை. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

அகலத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வலையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்பவர், எடுப்பவரின் கண்ணிலிருந்து 8 மீட்டர் தொலைவில் இருக்கிறார். சர்வீஸ் போடுபவர் 16 மீட்டர் தொலைவில், அதாவது இரு மடங்கு தூரத்தில் இருக்கிறார். ஆகவே இரண்டு பேர் ஒட்டி நின்று 1 மீட்டர் அகலத்தை அடைத்தால், கடைசிக் கோட்டில் 2 மீட்டர் அகலம் மறைந்துபோகும். அந்த இருவரும் ஒரு கையளவு இடைவெளி விட்டு நின்றாலே பார்வைக்கு வழி கிடைத்துவிடும். ஒட்டி நிற்காமல் அவரவர் இடத்தில் பரவி நிற்க மாணவர்களைப் பழக்குங்கள். வேறு எந்த ஏற்பாடும் தேவைப்படாது.

கேள்வி: ஒரே ஒரு உயரமான ஆட்டக்காரர் நின்றாலும் இந்தத் தவறு வருமா?

பதில்: வரலாம். தனியாகவோ கூட்டாகவோ என்று விதியே சொல்கிறது. ஆனால் அசையாமல், கைகளை இறக்கி, தன் இடத்தில் நிற்கும் ஒருவர் உயரமாகப் பிறந்தார் என்பதற்காக எந்த நடுவரும் தவறு கொடுக்க மாட்டார். சர்வீஸ் போடப்படும் நேரத்தில் எதிரணியின் ஒரு ஆட்டக்காரரைக் குறிவைத்து அவர் பக்கவாட்டில் நகர்ந்து வந்து நின்றாலோ, கைகளை ஆட்டினாலோ, எம்பிக் குதித்தாலோ நிலைமை மாறும். பந்து அடிக்கப்பட்ட பிறகு அவரவர் ஆடும் இடத்துக்கு ஓடிச் செல்வது இயல்பான ஆட்டம். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுப்பவராக, ஆடுகிறேன். எதிரணியின் முன்வரிசை வேண்டுமென்றே என் கண்ணுக்கு நேராகச் சேர்ந்து நிற்கிறது. நடுவரிடம் நானே சொல்லலாமா? அவர் கண்டுகொள்ளாவிட்டால் என்ன செய்வது?

பதில்: நடுவரிடம் நீங்கள் நேரடியாகப் பேச முடியாது. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், களத்தில் இருக்கும் உங்கள் அணித் தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம்; விதியைப் பற்றி விளக்கம் கேட்கலாம். ஆகவே உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். அவர், இத்தனையாம் எண் ஆட்டக்காரர்கள் நெருங்கி நிற்பதால் எங்களுக்குச் சர்வீஸ் தெரியவில்லை, சற்றுக் கவனியுங்கள் என்று அமைதியாகச் சொன்னால் போதும். புள்ளி போன பிறகு கைகளை விரித்துக் கத்துவதைவிட, அடுத்த சர்வீஸுக்கு முன் தாழ்ந்த குரலில் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மிக அதிகப் பயன் தரும். அதற்குப் பிறகு நடுவரின் கண் அந்தக் கூட்டத்தின் மேல்தான் இருக்கும்.

அதோடு நிறுத்திக்கொள்ளாமல் நீங்களும் இடம் மாறிப் பாருங்கள். உங்கள் கண்ணும் மறைப்பவரின் தலையும் சர்வீஸ் போடுபவரின் கையும் ஒரே கோட்டில் இருக்கும்வரைதான் மறைப்பு. நீங்கள் அரை அடி பக்கவாட்டில் விலகினாலே, 16 மீட்டர் தொலைவில் மறைந்திருந்த தோளும் கையும் வெளியே வந்துவிடும். பந்து மேலே போடப்படும்வரை நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, அடிக்கப்படும் கணத்தில் தாழ்ந்து தயாராவது இன்னொரு வழி. கண் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தாலும் பார்வைக் கோடு எவ்வளவு மேலே போகிறது என்பதை முந்தைய பதிலின் கணக்கில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் தோழருக்கு வேறு கோணம் கிடைப்பதால் அவருக்குப் பந்து தெரியும். சர்வீஸ் கிளம்பியதும் குறுக்காக வருகிறதா, நேராக வருகிறதா என்று அவர் குரல் கொடுக்கும் பழக்கத்தை உங்கள் அணியில் வளர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சுழற்சி வரிசைப்படி, அதாவது ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுழலும் ஒழுங்கின்படி, உங்களுக்கு உரிய இடத்தை மீறாமல் இந்த நகர்வு இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியின் பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நான் அண்மையில்தான் நடுவர் பயிற்சியை முடித்தேன். மேடையில் நிற்கும் எனக்கு, எதிரணியினரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது எப்படித் தெரியும்? எதை வைத்து மறைப்பு என்று முடிவெடுப்பது?

பதில்: மிக நேர்மையான கேள்வி, பல ஆண்டுகள் விசில் ஊதியவர்களும் இதில் தடுமாறுவதுண்டு. சர்வீஸ் போடும் அணியின் தவறுகளை, மறைப்பு உட்பட, முடிவு செய்யும் பொறுப்பு முதல் நடுவருடையது. அந்த நேரத்தில் இரண்டாம் நடுவர் சர்வீஸை எடுக்கும் அணியின் நிற்கும் முறையைக் கவனித்துக்கொண்டிருப்பார். முதல் நடுவரின் கண் வலையின் மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில், களத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. எடுப்பவரின் கண்ணோ களத்துக்குள்ளே, மிகத் தாழ்வாக இருக்கிறது. அவர் பார்ப்பதை நீங்கள் பார்க்க முடியாது. அறிகுறிகளைச் சேர்த்து ஊகித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் அறிகுறி, விசில் ஊதுவதற்கு முன்பே கிடைக்கிறது. நீங்கள் சர்வீஸுக்கு அனுமதி கொடுத்த பிறகு அடிப்பதற்கு 8 விநாடி உண்டு; அதற்கு முன் இரு அணிகளும் தயாரா என்று பார்க்கும்போதே, வலைக்கருகே யார் யார் ஒட்டி நிற்கிறார்கள், அவர்களுக்கு நேர் பின்னால் சர்வீஸ் போடுபவர் வந்து நிற்கிறாரா என்று ஒரு பார்வை போதும். சர்வீஸ் போடுபவர் 9 மீட்டர் அகலமுள்ள தன் பகுதியில் எங்கும் நிற்கலாம். அவ்வளவு இடம் இருந்தும் ஒவ்வொரு முறையும் கூட்டத்துக்கு நேர் பின்னாலேயே வந்து நிற்கிறார் என்றால், உங்கள் கவனம் கூர்மையாக வேண்டும். அடுத்த அறிகுறி பந்தின் உயரம். வளைந்து உயரே எழும் சர்வீஸ் என்றால் அந்தக் கணமே மறைப்பை மறந்துவிடலாம். பாதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வலையின் நாடாவை உரசுவதுபோல் தாழ்வாக வந்தால், அது அந்தக் கூட்டத்துக்கு மேலாகத்தான் வந்ததா என்று பாருங்கள். சர்வீஸ் வலையைத் தொட்டுச் சென்றாலும் ஆட்டம் தொடரும் என்பதால், தாழ்வான சர்வீஸை இப்போது துணிந்து போடுகிறார்கள். ஆகவே இப்படிப்பட்ட பந்துகளை அடிக்கடி பார்ப்பீர்கள்.

மூன்றாவது அறிகுறியை நான் மிகவும் நம்புகிறேன்: எடுப்பவரின் உடம்பு. பார்வை மறைந்தவர் பந்து அடிக்கப்படுவதற்கு முன்பே கழுத்தை இடமும் வலமும் நீட்டிப் பார்ப்பார். பந்து அடிக்கப்பட்ட பிறகும் அவருடைய கால்கள் அசையாது. பந்து வலைக்கு மேலே தோன்றிய பிறகே திடுக்கிட்டு நகர்வார். பந்தைப் பார்த்தும் தவறாகக் கணித்தவர் அப்படி இருக்க மாட்டார். அவர் கால்கள் முன்பே நகர்ந்திருக்கும், ஆனால் தவறான பக்கம் போயிருக்கும். இந்த வேறுபாடு மேடையிலிருந்து நன்றாகவே தெரியும். ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மற்ற இரண்டும் பொருந்தினால், இது உங்கள் முடிவை உறுதிப்படுத்தும்.

தவறு என்று தீர்மானித்தால் உடனே விசில் ஊதி, அடுத்து சர்வீஸ் போடும் அணியின் பக்கம் கை காட்டி, பிறகு இரண்டு கைகளையும் செங்குத்தாக உயர்த்தி உள்ளங்கைகளை முன்னோக்கிக் காட்டுங்கள். தடுப்புத் தவறுக்கும் மறைப்புக்கும் ஒரே சைகைதான். பந்து தரையில் விழுந்து, எதிரணி முறையிட்ட பிறகு யோசித்து ஊதும் விசிலுக்கு மதிப்பு இருக்காது. அது முறையீட்டுக்குப் பணிந்ததாகவே தோன்றும்.

ஓர் அணி ஒவ்வொரு சர்வீஸிலும் நெருங்கி நின்று, பந்து உயரே போவதால் தவறு ஆகாமல் தப்பித்துக்கொண்டிருந்தால், ஆட்டம் நின்றிருக்கும் ஓர் இடைவேளையில் அந்த அணித் தலைவரை அழைத்து, கொஞ்சம் பரவி நில்லுங்கள் என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம். அது தண்டனையாகாது, மறைப்பு சர்வீஸ் தவறுகளில் ஒன்றுதான், நடத்தைக் குற்றம் அல்ல என்பதால் அட்டை காட்டும் பேச்சுக்கே இடமில்லை. சொன்ன பிறகும் அதே கூட்டம், அதே தாழ்வான சர்வீஸ் என்றால் விசில் ஊதுவதில் உங்கள் மனம் தடுமாறாது. அந்த அணிக்கும் அது எதிர்பாராத அடியாக இருக்காது.

கேள்வி: கடற்கரை வாலிபாலில் ஓர் அணியில் இரண்டு பேர்தானே? அங்கும் இந்த விதி உண்டா?

பதில்: உண்டு. சர்வீஸ் போடுபவர் போக மீதி ஒருவர்தான் என்பதால் கூட்டமாக நிற்பது என்ற பேச்சு எழாது. ஆனால் அந்த ஒருவர் வலைக்கருகே எதிரணியின் பார்வைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. எதிரணி கேட்டுக்கொண்டால் அவர் விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே நன்கு பழகிப்போன நடைமுறை. எடுப்பவர் கையால் மெல்லச் சைகை காட்டுவார், வலையருகே நிற்பவர் ஓரடி நகர்ந்துகொள்வார், ஆட்டம் தொடரும். உள்ளரங்க ஆட்டத்திலும் இந்த நாகரிகம் பரவினால் மகிழ்வேன்.

கேள்வி: நாங்கள் சர்வீஸ் எடுக்கும்போது எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் சுழற்சி வரிசையில் தவறான இடத்தில் நின்றிருந்தார். அதே சர்வீஸில் எதிரணி மறைப்பாகவும் நின்றது. இரண்டு தவறும் ஒரே நேரத்தில் நடந்தால் புள்ளி யாருக்கு?

பதில்: புள்ளி எதிரணிக்கு, அதாவது சர்வீஸ் போட்ட அணிக்குத்தான். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் விதி இதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு தவறும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. இடம் மாறி நிற்கும் தவறு, பந்து அடிக்கப்படும் அந்தக் கணத்திலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. மறைப்போ, பந்து முறைப்படி அடிக்கப்பட்டு, பிறகு அந்த ஆட்டக்காரர்களுக்கு மேலாகக் கடக்கும்போதுதான் தவறாகிறது. முதலில் நிகழ்ந்த தவறுதான் கணக்கில் வரும். சர்வீஸ் வெளியே போய் விழுந்தாலும் இதே முறைதான்: எடுக்கும் அணியின் இடத் தவறு முந்தியது என்பதால் அதற்கே தண்டனை.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. சர்வீஸ் போடுபவர் அடிக்கும் கணத்திலேயே தவறு செய்திருந்தால், உதாரணமாகக் கோட்டை மிதித்தபடி அடித்திருந்தாலோ, சுழற்சியில் தன் முறை வராமலே வந்து அடித்திருந்தாலோ, எதிரே இடத் தவறு இருந்தாலும் சர்வீஸ் தவறுக்குத்தான் தண்டனை. மறைப்பு அந்த வகையில் சேராது. அதனால்தான் லிபரோவாக ஆடும் வாசகருக்கு, பார்வைக்காக விலகி நிற்கும்போது தன் சுழற்சி இடத்தைக் காத்துக்கொள்ளும்படி எழுதினேன். பந்தைப் பார்ப்பதற்காக அவர் எடுத்து வைக்கும் அந்த அரை அடி பக்கத்தில் நிற்பவரின் இடத்தைத் தாண்டிவிட்டால், மறைப்பு எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும் புள்ளி மறைத்தவர்களுக்கே போய்ச் சேரும்.